ஆங்கில இலக்கணம்: ‘டிட்’ வந்தால் வினையில் இறந்தகாலம் இல்லை

க.பொ.த. (சாதாரண தர) மாணவர்களுக்கானது

மாணவர்களே! பின்வரும் இரு வாக்கியங்களையும் அவதானியுங்கள்.

(அ) ஐ வென்ட் டு ஸ்கூல் யெஸ்டடே.
(ஆ) ஐ டிட் நொட் வென்ட் டு ஸ்கூல் யெஸ்டடே.

(அ) சரியானது. (ஆ) பிழையானது. “ஐ டிட் நொட் கோ டு ஸ்கூல் யெஸ்டடே” என்பதே சரி. கடிதமும் கட்டுரையும் நன்றாக எழுதும் மாணவர்கள்கூட இவ்விடத்தில் புள்ளிகளை இழக்கின்றனர். “நடந்தது நேற்று; ஆகவே வினையும் இறந்தகாலத்தில் இருக்கவேண்டும்” என எண்ணுவதே இதற்குக் காரணம்.

விதி: ஆங்கில வாக்கியமொன்றில் காலம் ஒருமுறை மட்டுமே காட்டப்படும். ‘டிட்’ என்பதே இறந்தகாலத்தைக் காட்டிவிடுகிறது. எனவே அதனுடன் வரும் வினை வினையடியாகவே நிற்கும்.

தமிழோடு ஒப்பிடுவோம்

இவ்விதி உங்களுக்குப் புதியதன்று. ‘வந்தேன்’ என்பதன் எதிர்மறை என்ன? ‘வரவில்லை’. ‘வந்தேனில்லை’ என எவரும் கூறுவதில்லை. ‘வந்தேன்’ என்பதில் இருந்த இறந்தகால இடைநிலை ‘வரவில்லை’ என்பதில் இல்லை. நான், அவள், அவர்கள் என எழுவாய் எதுவாயினும் ‘வரவில்லை’ மாறாது. அதுபோலவே ஐ, ஷி, தே ஆகிய எல்லாவற்றுக்கும் ‘டிட் நொட் கம்’ என்பதே வரும்.

ஆனால் வினா வாக்கியத்தில் தமிழ் நமக்கு உதவாது. ‘நீ வந்தாயா?’ என்பதில் இறந்தகாலம் வினையிலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் “டிட் யூ கம்?” என்றே எழுதவேண்டும். ஆகவே வினா அமைக்கும்போது கூடிய கவனம் தேவை.

உதாரணங்கள்

கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை இலங்கை 1996இல் வென்றது; 2007இல் இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியாவிடம் தோற்றது.

உடன்பாடு: ஸ்ரீ லங்கா வன் த வேர்ல்ட் கப் இன் 1996.
எதிர்மறை: ஸ்ரீ லங்கா டிட் நொட் வின் த வேர்ல்ட் கப் இன் 2007.
வினா: டிட் ஸ்ரீ லங்கா வின் த வேர்ல்ட் கப் இன் 1996?

நிகழ்காலத்திலும் இவ்வாறே. ‘ஷி’, ‘ஹி’, ‘இட்’ ஆகியவற்றுடன் வினையின் இறுதியில் வரும் ‘எஸ்’, எதிர்மறையிலும் வினாவிலும் ‘டஸ்’ என்பதற்குள் சென்றுவிடுகிறது.

உடன்பாடு: ஷி லைக்ஸ் மியூசிக்.
எதிர்மறை: ஷி டஸ் நொட் லைக் மியூசிக்.
வினா: டஸ் ஷி லைக் மியூசிக்?

கவனத்திற் கொள்க

1. ‘இஸ், ஆர், வோஸ், வேர், கேன், வில்’ ஆகியவற்றுக்கு ‘டூ, டஸ், டிட்’ தேவையில்லை. “ஹி வோஸ் நொட் அப்சென்ட்” என்பது சரி. “ஹி டிட் நொட் வோஸ் அப்சென்ட்” என்பது பிழை.

2. ‘செய்தல்’ என்னும் பொருளில் ‘டிட்’ தானே முதன்மை வினையாகவும் வரும். “ஐ டிட் மை ஹோம்வேர்க்” என்பதன் எதிர்மறை “ஐ டிட் நொட் டூ மை ஹோம்வேர்க்” என்பதாகும். இங்கு ‘டூ’வை விட்டுவிடக் கூடாது.

3. ‘ஹூ’ என்பதே எழுவாயாக இருப்பின் ‘டிட்’ சேர்ப்பதில்லை. “ஹூ வன் த வேர்ல்ட் கப் இன் 1996?” என எழுதுக. அங்கு ‘டிட்’ இல்லாததால் வினையே காலத்தைக் காட்டுகிறது.

பயிற்சி

எதிர்மறையாக மாற்றுக.
1. ஷி ரோட் எ லெட்டர்.
2. மை ஃபாதர் வேர்க்ஸ் இன் வவுனியா.
3. தே வேர் லேட்.
4. ஹி ஹாட் எ பைசிக்கிள்.

பிழை திருத்தி எழுதுக.
5. டிட் யூ சோ த ஃபில்ம்?
6. டஸ் யுவர் சிஸ்டர் சிங்ஸ்?

‘ஹூ’ என்னும் சொல்லைக் கொண்டு, தரப்பட்ட விடைக்குரிய வினாவை அமைக்குக.
7. விடை: ராணி பெயின்டட் திஸ் பிக்சர்.

விடைகள்

1. ஷி டிட் நொட் ரைட் எ லெட்டர்.
2. மை ஃபாதர் டஸ் நொட் வேர்க் இன் வவுனியா.
3. தே வேர் நொட் லேட்.
4. ஹி டிட் நொட் ஹாவ் எ பைசிக்கிள்.
5. டிட் யூ சீ த ஃபில்ம்?
6. டஸ் யுவர் சிஸ்டர் சிங்?
7. ஹூ பெயின்டட் திஸ் பிக்சர்?

விடைகளைப் பார்க்குமுன் நீங்களே எழுதிப் பாருங்கள். 3ஆம், 7ஆம் வினாக்களில் ‘டிட்’ சேர்த்திருந்தால், மேலேயுள்ள 1ஆம், 3ஆம் குறிப்புகளை மீண்டும் படியுங்கள்.

பரீட்சை மண்டபத்தில்: எழுதி முடித்தபின் இரண்டு நிமிடங்களை ஒதுக்குங்கள். நீங்கள் எழுதிய எதிர்மறை, வினா வாக்கியங்களில் ‘டிட்’, ‘டஸ்’ எங்கெங்கு உள்ளன எனத் தேடுங்கள். ஒவ்வொன்றோடும் வரும் வினையைப் பாருங்கள். அது வினையடியாக இல்லாவிடின் உடனே திருத்துங்கள். விடைத்தாளைக் கையளிக்குமுன் நீங்களே காப்பாற்றிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் இவை.