சொல் திரட்டிய செம்மல்கள்

கையகலக் கருவி ஒன்றில் ஒரு சொல்லை எழுதி விரலால் தொட்ட அளவில், அதன் பொருள் கண்ணிமைப் பொழுதில் எதிரே வந்து நிற்கும் காலம் இது. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி முழுவதையும் சிகாகோப் பல்கலைக்கழகத்தார் இணையத்தில் ஏற்றி வைத்துள்ளனர். சிற்றூரில் இருக்கும் மாணவனும் காசு கொடாமலே அதனைக் காணலாம். இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், எளிதிற் கிடைத்த பொருளின் அருமை எளிதில் விளங்குவதில்லை. நாம் ஒரு கணத்தில் பெறும் விடைக்காக எத்தனை ஆண்டுகள் சென்றன, அவ்வாண்டுகளைச் செலவிட்டவர் யாவர் என்று அறிதல் தமிழ் கற்பார்க்குக் கடமையாகும்.

பண்டைக் காலத்தில் சொற்பொருளை உணர்த்தியவை நிகண்டுகள். திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி முதலிய அவை யாவும் செய்யுளால் இயன்றவை. ஏட்டைப் புரட்டிச் சொல்லைத் தேடும் வழக்கம் அன்று இல்லை. நூல் முழுவதும் மாணவன் நெஞ்சில் இருத்தல் வேண்டும். சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. அத்தொகுதியில் சொற்கள் எதுகை நோக்கி அடுக்கப்பட்டுள்ளன. நாளொன்றுக்கு ஒரு செய்யுளாக மனப்பாடம் செய்தவனுக்கே அது பயன்படும். நிகண்டை நெட்டுருச் செய்தலை வீண் சுமை என்று இக்காலத்தார் கூறுவர். அங்ஙனம் கற்றவருள் யாமும் ஒருவர். சுமைதான், ஆயின் இறக்கி வைக்க மனம் வாராத சுமை.

1594ஆம் ஆண்டில் சிதம்பரம் இரேவண சித்தர் என்பார் முதலெழுத்து முறையில் சொற்களை அடுக்கி அகராதி நிகண்டு என்னும் நூலை இயற்றினார். 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர், பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுடைய சதுரகராதியைத் தொகுத்தார். சொல்லைத் தேடிக் காணும் வழி இவற்றால் ஒருவாறு எளிதாயிற்று.

அவர்க்குப் பின் வந்தோர் வரலாறு உள்ளத்தை உருக்குவது. இராட்லர் என்னும் பாதிரியார் 1776ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்தவர். செடி கொடிகளை ஆராய்வதிலும் வல்லவர். அவர் தொகுத்த தமிழ் – ஆங்கில அகராதியின் முதற்பகுதி 1834ஆம் ஆண்டில் அச்சாயிற்று. அப்போது அவர்க்கு வயது எண்பத்தைந்து. நூல் அச்சில் இருக்கும்போதே, 1836ஆம் ஆண்டில் அவர் காலமானார். எஞ்சிய பகுதிகளைப் பிறர் கொண்டு செலுத்தி 1841ஆம் ஆண்டில் நிறைவு செய்தனர்.

யாழ்ப்பாணத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்கே நைட் என்னும் பாதிரியார் அகராதிக்கெனச் சொற்களைத் திரட்டி வந்தார். பின்னர் அவர் மறைந்தார். அவருடைய கையெழுத்துக் குறிப்புகள் மறையவில்லை. அவை கைம்மாறி வின்சுலோ என்பாரிடம் வந்து சேர்ந்தன. வின்சுலோ தமிழ்ப் புலவர்களின் துணைகொண்டு பல்லாண்டு உழைத்து, அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட பெருநூலை 1862ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்நூலின் முகப்புப் பக்கத்திலேயே நைட்டின் பெயரைப் பொறித்து, அவர் திரட்டிய பொருள் இதன்கண் உள்ளது என்று அறிவித்தார். பல ஆண்டுகளுக்கு முன் இறந்தவருக்குச் செய்த நன்றி அது. உதவிய தமிழ்ப் புலவர்களையும் அப்பக்கத்தில் பெயர் சுட்டியே குறித்திருக்கலாம்; பொதுவாகக் கூறி விடுத்தது ஒரு குறையே. வின்சுலோவும் நெடுநாள் வாழ்ந்திலர். 1864ஆம் ஆண்டில் தாய்நாட்டுக்குத் திரும்பும் வழியில், ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் உயிர் நீத்தார்.

இத்துணைப் பெரிய அகராதி இருக்க வேறொன்று எதற்கு என்று மாணவர் வினவலாம். வின்சுலோவின் காலத்தில் சங்க நூல்கள் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தன. சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரத்தை 1892ஆம் ஆண்டிலும், புறநானூற்றை 1894ஆம் ஆண்டிலும் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பின்னரே, வழக்கொழிந்த பழஞ்சொற்கள் பல வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றை எல்லாம் உட்கொண்ட புதிய அகராதி ஒன்று வேண்டியதாயிற்று.

1913ஆம் ஆண்டில் அப்பணி தொடங்கிற்று. தலைமை ஏற்றவர் மதுரையில் சமயப்பணி புரிந்த சாந்தலர் என்னும் அமெரிக்கர். ஓர் இலட்சம் ரூபாயில், ஐந்தாண்டில் முடிந்துவிடும் என்று மதிப்பிட்டனர். முடிந்ததோ 1936ஆம் ஆண்டில். செலவோ நான்கு இலட்சத்துக்கு மேல்.

இந்தக் காலத்தாழ்வுக்குக் காரணம் சோம்பல் எனக் கருதலாகாது. அகராதி தொகுப்போர் ஒவ்வொரு சொல்லையும் அது வழங்கும் இடத்தோடு தனித்தனிச் சீட்டில் எழுதுவர். பின்னர் அச்சீட்டுகளை அகரநிரலில் அடுக்கிப் பொருள் வேறுபாட்டை ஆராய்வர். ‘கால்’ என்னும் சொல் ஒன்றே உடலுறுப்பு, காற்று, வாய்க்கால், தூண், நான்கில் ஒரு பங்கு என விரியும். எவ்விடத்தில் எப்பொருள் என்பதனைச் செய்யுளைப் படித்தே துணிதல் வேண்டும். ஏட்டுச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் இருக்கும். ‘கொல்’ என்றும் ‘கோல்’ என்றும் ஒரே எழுத்தைப் படிக்கலாம். இடம் நோக்காது பிறழப் படித்தால், உலகில் எவரும் வழங்காத சொல் ஒன்று அகராதியில் பிறந்துவிடும். ஒரு சீட்டின் முன் ஒரு பகல் முழுவதும் அமர்ந்திருத்தலும், ‘இன்னும் தெளிவில்லை’ என்று அதனை எடுத்து வைத்தலும் அப்பணியின் பகுதிகளே. இன்றைய கருவிகளோ அறியாத சொல்லுக்கும் தயக்கமின்றி ஏதேனும் ஒரு விடை கூறிவிடுகின்றன. ஐயுறத் தெரியாத விரைவை அறிவு என்று எம்மால் கொள்ள முடியவில்லை.

சாந்தலர் 1922ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். அதுவரை நூலில் ஒரு பகுதியும் வெளிவந்திலது. 1924ஆம் ஆண்டு முதலே அச்சுப்படிகள் வெளிவரலாயின. 1926ஆம் ஆண்டில் பதிப்பாசிரியர் பொறுப்பினை ஏற்ற ச. வையாபுரிப்பிள்ளை பத்தாண்டுகள் அயராது உழைத்து, ஆறு தொகுதிகளையும் நிறைவேற்றினார். மு. இராகவையங்கார் போன்ற புலவர்கள் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அப்பணியிலேயே கழித்தனர். 1939ஆம் ஆண்டில் வந்த அநுபந்தத்தையும் சேர்த்து எண்ணினால், அதன்கண் அமைந்த சொற்கள் 1,17,762. தொடங்கி வைத்த சாந்தலர் 1934ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

இவ்வளவு உழைத்தும் அகராதி குறையற்றதாகவில்லை. தமிழ்ச் சொற்கள் பல விடுபட்டன, தமிழ் வேர் உடைய சொற்களுக்கு வடமொழி வேர் காட்டப்பட்டது என்று தேவநேயப் பாவாணர் கடுமையாகக் கண்டித்தார். அக்கண்டனத்தில் சில இடங்கள் மிகை என்பது எம் கருத்து; ஆயினும் அவர் குறை கூறியதோடு அமைந்தாரல்லர். சொற்பிறப்பு காட்டும் பேரகரமுதலி ஒன்றைத் தாமே ஆக்க முற்பட்டார். அதற்கெனத் தமிழக அரசு அமைத்த இயக்ககத்தில் 1974ஆம் ஆண்டில் இயக்குநராக அமர்ந்தார். அப்போது அவர்க்கு வயது எழுபத்திரண்டு. எத்தனை மடலங்கள் வரும் என்பதும், அவற்றுள் எதனைத் தாம் காண்போம் என்பதும் அவ்வயதில் எவரும் உறுதி கூறக்கூடியவை அல்ல. ஏழாண்டுகள் அகர வரிசைச் சொற்களோடு போராடி, 1981ஆம் ஆண்டு சனவரியில் அவர் மறைந்தார். முதல் மடலத்தின் முதற்பகுதி 1985ஆம் ஆண்டில் வெளிவந்தது. எஞ்சிய எழுத்துகளுக்குரிய சொற்களை அவருக்குப் பின் வந்தோர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து தொகுத்தனர்.