வளர்த்தவருக்காக விழுந்த இடி

கேள்வி: எங்கள் மகளைக் கைக்குழந்தையாகத் தத்தெடுத்தோம். இப்போது ஒன்பது வயது. விவரமெல்லாம் அவளுக்குத் தெரியும். ‘நெஜா’ என்ற சீன அனிமேஷன் படத்தின் இரண்டாம் பாகத்தைச் சேர்ந்து பார்த்தோம். உடம்பெல்லாம் முள் குத்திட்டு நிற்கும் மகனை அம்மா இறுக்கிக் கட்டிக்கொள்ளும் இடத்தில், இவள் வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு மூலக்கதையைத் தேடினால், நெஜா தன் சதையையும் எலும்பையும் பெற்றோருக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறானாம். சீனக் கதைகளில் ரத்த உறவுதான் எல்லாமா? எடுத்து வளர்த்தவர்களுக்கு அங்கே இடம் உண்டா? அவளுக்குச் சொல்ல ஒரு கதை வேண்டும்.
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: இடம் உண்டு. ஆனால் நெஜாவிடம் அதைத் தேடக் கூடாது.

16-ஆம் நூற்றாண்டு நாவலான ‘ஃபெங்ஷென் யென்யீ’யில் வரும் நெஜா, நீங்கள் படத்தில் பார்த்த பிள்ளை அல்ல. தாய் வயிற்றில் மூன்றரை வருஷம் இருந்து, சதைப் பந்தாக வெளியே வருகிறான். அப்பா லீ ஜிங் வாளை ஓங்கி வெட்ட, உள்ளேயிருந்து குழந்தை குதிக்கிறது. ஏழு வயதில் கடலரசனின் மகனைக் கொன்று, அப்பாவுக்கு இடுப்புப் பட்டை ஆகும் என்று அவன் நரம்பை உருவிக்கொண்டு வருகிறான்! பழி பெற்றோர் தலையில் விழப்போகிறது என்றதும் தன்னைத்தானே அறுத்து, அவர்கள் தந்த உடம்பை அவர்களிடமே சேர்த்துவிடுகிறான். அம்மா ரகசியமாகக் கோயில் கட்டுகிறாள். அப்பா போய் அதை இடிக்கிறார். குரு தாமரையால் புது உடம்பு செய்து கொடுக்க, எழுந்தவன் முதல் காரியமாக அப்பாவைக் கொல்லத் துரத்துகிறான். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, இனி நீ யார் என்பது அவன் கட்சி. கடைசியில் ஒரு மாயக் கோபுரத்தைக் காட்டி மிரட்டித்தான் மகனை அடக்க முடிகிறது. (இந்த அப்பாவும் பிள்ளையும் நமக்குப் பழக்கப்பட்டவர்கள்தான். பௌத்தத்தோடு சீனா போன குபேரனும் அவன் மகன் நளகூபரனும் அங்கே எடுத்த அவதாரம் இது என்பது ஆய்வாளர்கள் கருத்து.) பெற்ற பாசத்தைக் கொண்டாடும் கதை என்று இதை யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சட்டம் மட்டும் ரத்தத்தின் பக்கம் நின்றது. மூதாதையருக்குப் படையல் வைக்க அதே குலத்து ஆண்பிள்ளை வேண்டும் என்பதால், வேறு குலப்பெயர்க் குழந்தையை வாரிசாகத் தத்தெடுக்க மிங், சிங் காலச் சட்டங்கள் இடம் தரவில்லை. மூன்று வயதுக்குள் கைவிடப்பட்ட குழந்தையை எடுத்துத் தன் குலப்பெயர் கொடுக்கலாம், அவ்வளவுதான் சலுகை. ஊர் நடப்பு வேறு மாதிரி. ஃபூஜியன், தைவான் பக்கங்களில் வெளிக்குழந்தையை எடுத்து வளர்ப்பது சகஜம். பெண் குழந்தை என்றால் பல வீடுகளில் தங்கள் பையனுக்கே பின்னால் கட்டிவைக்க எடுத்தார்கள். உங்கள் மகளிடம் இதை இப்போது சொல்ல வேண்டாம்.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம்மூரில் சொல்வார்களே, சீனாவிலும் அதே நம்பிக்கை இருந்தது. பிள்ளையில்லாத குளவி ஒரு பச்சைப் புழுவைக் கூட்டுக்குத் தூக்கிப்போய், தன்னைப் போலவே ஆகும்படி ஓதி ஓதி வளர்க்கும் என்பார்கள். தத்துப் பிள்ளைக்கு அந்தப் புழுவின் பெயரே வழங்கியது. சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் தாவ் ஹொங்ஜிங் என்ற மருத்துவ அறிஞர் கூட்டைக் கவனித்துப் பார்த்து, குளவி தானே முட்டையிடுகிறது, புழு அதன் குஞ்சுக்குத் தீனி என்று எழுதிவைத்தார். பேச்சு வழக்கு அதற்கெல்லாம் அசையவில்லை.

வளர்த்தவருக்காக வாதாடியது நாடக மேடை. ‘சிங்ஃபெங் மண்டபம்’ என்ற நாடகத்தில் ஜாங் யுவான்ஷியூ பிள்ளையில்லாத கிழவர். அவரும் மனைவியும் சோயா தயிர்க்கட்டி செய்தும் வைக்கோல் செருப்பு முடைந்தும் பிழைக்கிறார்கள். விளக்குத் திருவிழா இரவில் யாரோ போட்டுவிட்டுப் போன சிசுவை எடுத்து, ஜீபாவ் என்று பெயரிட்டு வளர்க்கிறார்கள். பதின்மூன்று வயதில், கூடப் படிக்கும் பையன்களின் கேலி தாங்காமல் வீட்டில் சண்டை போட்டுவிட்டு ஓடுகிறான். துரத்திப் போன கிழவர் அந்த மண்டபத்தில் பிடிக்கும்போது, அங்கே வந்திருக்கும் பெண்ணே அவனைப் பெற்றவள் என்று தெரியவருகிறது. பையன் அவளோடு போய்விடுகிறான்.

பல வருஷம் கழித்து, அரசுத் தேர்வில் முதலிடம் பெற்ற அதிகாரியாக அதே வழியில் வருகிறான். அவனைத் தேடித் தேடிக் கண் மங்கி, பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்துவிட்ட இருவரும் காலில் விழுகிறார்கள். மகனாக இருக்க வேண்டாம், எங்களை வேலைக்காரர்களாகவாவது வைத்துக்கொள் என்கிறார்கள். அவன் 200 காசு கொடுத்து அனுப்பச் சொல்கிறான். கிழவி தலையை மோதிக்கொண்டு சாகிறாள், கிழவரும் பின்தொடர்கிறார். உடனே இடி விழுந்து ஜீபாவ் செத்துப்போகிறான்.

ஜியாவ் ஷுன் என்ற அறிஞர் சிறுவயதில் அப்பாவோடு போய்க் கிராமத்தில் இதைப் பார்த்ததை 1819-இல் எழுதியிருக்கிறார். முதல் நாள் நாடகத்துக்கு ஏனோதானோ என்று உட்கார்ந்திருந்த கூட்டம், இதற்குப் பல்லை நறநறவென்று கடித்ததாம். இடி விழுந்ததும் ஒரே சந்தோஷம். ஊர் திரும்பியும் பத்து நாள் இதே பேச்சு. 20-ஆம் நூற்றாண்டில் ஷாங்காய் நடிகர் ஜோ ஷின்ஃபாங் அந்தக் கிழவர் வேஷத்தில் பெரும் பெயர் எடுத்தார்.

அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். ஆனாலும் இந்தக் கதையை மகளுக்குச் சொல்லாதீர்கள். நெஜா கதையில் பெற்றது கடன், இங்கே வளர்த்தது கடன். கட்டாதவன் தலையில் இடி. ‘உன்னை எடுத்து வளர்த்தோமே’ என்ற வாக்கியம் இதற்குள் உட்கார்ந்திருக்கிறது. பள்ளியில் கேலி செய்யப்பட்ட பதின்மூன்று வயதுப் பையனின் மனசில் என்ன ஓடியது என்று நாடகம் கேட்கவே இல்லை.

நீதிபதி பாவ் ஜெங் கதையைச் சொல்லுங்கள். கன்னங்கரேலென்று பிறந்த குழந்தையைப் பார்த்துப் பயந்த பெற்றோர் அதைத் தூக்கி எறியச் சொல்ல, அண்ணி எடுத்து வந்து தன் பிள்ளையோடு சேர்த்துப் பாலூட்டி வளர்க்கிறாள். அவன் அவளை ‘அண்ணியம்மா’ என்றே கூப்பிடுகிறான். ‘சிசாங் ஊர்’ என்ற ஓபராவில் கதை வேறு பக்கம் திரும்புகிறது. லஞ்சம் வாங்கிய ஓர் அதிகாரிக்கு மரண தண்டனை கொடுக்கிறார் பாவ் ஜெங். அவன் அந்த அண்ணியின் மகன். ஆவேசமாக வந்து நிற்கும் அண்ணி முன்னால் அவர் மண்டியிடுகிறார். கடைசிவரை உங்களுக்கு நானே மகன் என்கிறார்.

வரலாற்றில் வாழ்ந்த பாவ் ஜெங்கை (999–1062) பெற்றோர் கைவிடவில்லை. அவர்களைப் பார்த்துக்கொள்வதற்காக இவர்தான் சுமார் பத்து வருஷம் பதவியை ஒதுக்கிவைத்தார். அண்ணியம்மா மட்டும் நிஜம், அவர் வீட்டிலேயே இருந்தாள். பாவ் ஜெங் தன் ஆசைநாயகி ஒருத்தியைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட, அங்கே அவளுக்கு ஆண்குழந்தை பிறந்தது. அவருடைய மூத்த மருமகள் சுய், யாருக்கும் தெரியாமல் அந்தத் தாயையும் சேயையும் கவனித்துக்கொண்டாள். கணவன் இறந்தபின் குழந்தையை வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தாள். முறைக்கு அந்தக் குழந்தைக்கு அவள் அண்ணிதான். அண்ணியம்மா கதைக்கு இதுவே விதையாக இருக்கலாம்.

ஒன்பது வயதுக்குப் பாலூட்டி வளர்த்த பாதி போதும். மரண தண்டனை எல்லாம் இன்னும் நாலைந்து வருஷம் கழித்து. ‘அண்ணி யாருக்கு முதல்ல பால் கொடுத்தா?’ என்று உங்கள் மகள் கட்டாயம் கேட்பாள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.