வாடகை வீட்டுக்கு ஓர் இணையதளம்: எதை முதலில் கேட்பது?

இணையதளம் வடிவமைக்கப் பழகும் நண்பர்களுக்கு என் அனுபவம் ஒன்று. அருள்புரத்தில் வாடகை வீடு தேடுவோருக்காக ஒரு தளம் தயாரித்தேன். படுக்கையறை எத்தனை, சதுர அடி எவ்வளவு என்று முதல் பக்கத்திலேயே 12 கட்டங்கள். பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவை கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, பேசாமல் கவனித்தேன். மூன்றாவது கட்டத்திலேயே மவுஸை விட்டுவிட்டார்.

"ஏந் தம்பி, இதுல லைன் வீடு எங்க இருக்குது? நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா விடுவாங்க?"

இரண்டுக்கும் என் பக்கத்தில் இடமே இல்லை!

இப்போது மூன்றே கேள்விகள்: எந்த பஸ் ஸ்டாப் பக்கம், வாடகை எவ்வளவு வரை, லைன் வீடா தனி வீடா. எதையும் டைப் செய்ய வேண்டாம். கிளிக் செய்தால் விரியும் டிராப் டவுன் மெனுவில் தேர்ந்தெடுத்தால் போதும். (ஹெச்.டி.எம்.எல். மொழியில் இதற்கு செலக்ட் என்ற டேக் உள்ளது.) தண்ணீர், அட்வான்ஸ், கரண்ட் பில் விவரங்களை வீட்டின் படத்தருகிலேயே தந்துள்ளேன்.

மேப்? 2005-ல் பால் ரேட்மேக்கர் என்ற புரோகிராமர், கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தின் வாடகை விளம்பரங்களை கூகுள் மேப்ஸில் பொருத்தி ஹவுசிங்மேப்ஸ் தளத்தை உருவாக்கினார். அருமையான யோசனைதான். ஆனால் அக்கா வழி சொல்வது கம்பெனி கேட்டையும் பஸ் ஸ்டாப்பையும் வைத்து. எனவே மேப் இரண்டாம் பக்கத்திற்குப் போனது.

முடிந்துபோன விளம்பரத்தை நம்பி அலைந்தால், பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அரை நாள் கூலி போய்விடும். அதனால் வீட்டுக்காரர் புதுப்பிக்காத விளம்பரம் 15 நாளில் தானாக மறைந்துவிடும். வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம் என்ற வரியை மட்டும் எல்லாப் பக்கங்களிலும் சிவப்பில் போட்டிருக்கிறேன்.