கிறுக்கலுக்குப் பெயர் கேட்காதே

1. கண்ணு, ஒன்றாம் வகுப்புக்கு ஓவியம் சொல்லித்தரப் போகிறாய். போனதும் போர்டில் மாம்பழமும் இரண்டு மலைக்கு நடுவே சூரியனும் வரைந்து, "இதைப் பார்த்துப் போடுங்க" என்று சொல்லிவிடாதே. நீ போட்ட மாம்பழத்தைத்தான் அத்தனை பிள்ளைகளும் போடுவார்கள். அவரவர் மனசில் இருப்பது அங்கேயே தங்கிவிடும்.

2. முதலில் கலர் பேப்பரைக் கையால் கிழிக்கச் சொல். நேராக வரவில்லையே என்ற பயம் கிழிக்கிற கைக்கு இல்லை. லியோ லியோனி என்ற ஓவியர், ரயிலில் பேரப்பிள்ளைகளின் சேட்டையை அடக்க ஒரு பத்திரிகைத் தாளைக் கிழித்துத்தான் கதை சொன்னார். அது 1959இல் புத்தகமானது. அதில் நீலத் துண்டும் மஞ்சள் துண்டும் சிநேகிதர்கள். கட்டிப்பிடித்ததும் இரண்டும் பச்சையாகிவிடுகின்றன. வீட்டுக்குப் போனால் பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு துண்டுக்கும் கண், மூக்கு கிடையாது. ஆனாலும் கதை கேட்கிற பிள்ளைக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது.

3. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "உங்க வீட்டில இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு துண்டு கிழிங்க" என்று சொல். உடனே ஒட்டவிடாதே, தாளின்மேல் நகர்த்திப் பார்க்கட்டும். யார் பெரிய துண்டு, யாரை ஒட்டி யார், யார் தனியே ஓரத்தில்? உறவெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. என் வகுப்பில் ஒரு பையன் தாத்தாவைப் பெரிய பழுப்புத் துண்டாக நடுவில் வைத்தான். துபாயில் இருக்கிற அப்பாவை மூலையில் வைத்தான். பசை தடவும்போது என்ன நினைத்தானோ, அப்பாவை எடுத்துத் தாத்தாமேல் பாதி ஏறும்படி ஒட்டினான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "அப்பா லீவுக்கு வர்றாங்க டீச்சர்." நம் வாய் சும்மா இருந்தால்தான் பிள்ளையின் வாய் திறக்கும்.

4. சிவப்பென்றால் கோபம், கறுப்பென்றால் சோகம் என்று அட்டவணை போட்டுக் கொடுக்காதே. மஞ்சள் நம்மை நோக்கி வரும், நீலம் விலகிப்போகும் என்று ஓவியர் காண்டின்ஸ்கி 1911இல் வெளிவந்த நூலில் எழுதினார். அது அவர் கண்ட உண்மை. பிள்ளைக்குத் தன் கணக்கு இருக்கும். தாள் முழுக்கக் கறுப்பை அப்பிய ஒரு சிறுமியைப் பார்த்துப் பதறிப்போய் அவள் அம்மாவையே வரவழைத்தார்கள். விசாரித்தால், அது வீட்டுக்கு வந்திருந்த புது பைக்கின் நிறம்! படத்தை வைத்து மனசுக்கு ஜோசியம் பார்க்காதே. ஆனால் வரைந்துகொண்டே ஒரு பிள்ளை, தன்னை யாரோ அடிப்பதாக வாய்விட்டுச் சொன்னால் அதை அலட்சியம் செய்யாதே. அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல். குழந்தைகள் உதவி எண் 1098.

5. எதற்கெடுத்தாலும் "சூப்பர்" என்று சொல்லாதே. அடுத்த படம் உனக்காக வரைந்ததாகிவிடும். கண்ணால் பார்த்ததைச் சொல்: "இந்தக் கோடு வேகமா ஓடிவந்து இங்க நின்னுடுச்சே." போதும்.

6. மார்க் போடாதே. பின்பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதிப் பத்திரமாக வை. ஓவியர் பால் க்ளே தன் சிறுவயதுப் படங்களையும் தன் படைப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டவர். பெற்றோர் வந்து "இது என்ன டீச்சர்?" என்று கேட்டால் நீ விளக்க வேண்டாம். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இதைப் பத்தி எனக்குச் சொல்லேன்" என்று அவர்களையே கேட்கச் சொல்.