மூச்சுக்கு ஒரு பாடம்



வயிற்றிலுள்ள புற்றுநோய்க் கட்டியை அகற்றியாயிற்று என்று கேட்டதும் ஸ்தோத்திரம் சொல்லுகிறோம். ஆனால் வயது சென்றவர்களுக்கு அதன்பின்பும் ஓர் ஆபத்து உண்டு. அதுவே நிமோனியா.

தையல் வலிக்குப் பயந்து அவர்கள் மேலோட்டமாகவே மூச்சு விடுகிறார்கள், இருமலையும் அடக்குகிறார்கள். நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரிவதில்லை. அங்கே சளி தேங்கிக் கிருமிகள் பெருகுகின்றன. "பாவம், அசையாமல் படுத்திருக்கட்டும்" என்று நாம் காட்டும் இரக்கமே தீங்காகிவிடலாம்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று அறுவை சிகிச்சைக்கு வந்த 441 பேரிடம் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குக் கையேடு மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட் முன்கூட்டியே 30 நிமிடம் சுவாசப் பயிற்சியும் கற்பித்தார். இவர்களிடம் நுரையீரல் தொல்லை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

நாம் கற்க வேண்டியவை:

1. புகைபிடிப்பவர் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.
2. வாயிலுள்ள கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். ஆகையால் பல்லையும் பல்செட்டையும் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.
3. விழித்திருக்கையில் மணிக்கொருமுறை ஆழ்ந்து மூச்சிழுத்து, தையல்மேல் தலையணையை அணைத்து இரும வேண்டும்.
4. வலியை மறைக்காமல் நர்ஸிடம் சொல்ல வேண்டும். வலி தணிந்தால்தான் இரும முடியும்.
5. மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து உட்காரவும் நடக்கவும் வேண்டும்.

உங்கள் சபையின் முதியவர் அறுவை சிகிச்சைக்குப் போகுமுன்னே இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுங்கள். பின்பு பார்க்கப் போகும்போது, ஜெபித்து உடனே திரும்பிவிடாமல், அவரோடு சேர்ந்து பத்து முறை மூச்சிழுங்கள். உங்களுக்கே சளி இருந்தால் அன்று வீட்டிலிருந்தே ஜெபியுங்கள்.