மலையகத்தின் மரப்பேன்களும் அரிய முலையூட்டிகளும்

அலகு: உயிர்ப்பல்வகைமை



உயிர்ப்பல்வகைமை என்றதும் யாலையின் யானையையும் சிங்கராஜ வனத்துப் பறவைகளையும் எழுதுவீர்கள். அவை சரியான விடைகளே. ஆனால் நுவரெலியா, அட்டன் பகுதி மாணவருக்கு இன்னும் நெருக்கமான உதாரணங்கள் காலடியிலேயே உள்ளன. கவாத்து முடிந்த மலையில் குவிந்திருக்கும் மிலாறையோ, கான் ஓரத்து ஈரக் கல்லையோ புரட்டிப் பாருங்கள். சாம்பல் நிறச் சிறு பிராணிகள் நாலாபுறமும் ஓடும். சில உருண்டையாகச் சுருளும். இப்பாடத்தில் இவற்றை மரப்பேன் என்று அழைப்போம். தலையில் வாழும் பேனுக்கும் இதற்கும் உறவில்லை.

1. மரப்பேன் எவ்வகை விலங்கு?

மரப்பேன் பூச்சியன்று. அது ஆத்திரப்போடா கணத்தில், நண்டும் இறாலும் அடங்கும் கிரஸ்டேசியா பிரிவைச் சேர்ந்தது. அப்பிரிவில் பெரும்பாலானவை நீரில் வாழ, தரையில் முழு வாழ்வையும் நடத்தக் கற்றுக்கொண்ட கூட்டம் இது. அதன் சிறப்பியல்புகள் வருமாறு:

- 7 சோடி நடக்கும் கால்கள் உண்டு. பூச்சிக்கு 3 சோடியே.
- வயிற்றுப்புறத் தூக்கங்கள் மூலம் சுவாசிக்கும். இவை ஈரமாக இருக்க வேண்டும். ஆகவே வெயிலில் நீரிழந்து விரைவில் இறக்கும்.
- பெண் விலங்கு முட்டைகளை வயிற்றின் அடியிலுள்ள திரவம் நிறைந்த பையில் சுமக்கும். கடலை விட்டு வந்தாலும் குஞ்சுகளுக்குச் சிறு குளமொன்றைத் தன்னோடு கொண்டு திரிகிறது எனலாம்.
- பிறக்கும் குஞ்சுக்கு 6 சோடிக் கால்களே உண்டு. தோல் கழற்றிய பின்னரே ஏழாவது சோடி தோன்றும்.
- தோலை இரு தடவையாகக் கழற்றும். முதலில் பின் அரை, சில நாட்களின் பின் முன் அரை. பாதி வெளிறிய மரப்பேனைக் கண்டால் நோய் என எண்ண வேண்டாம்.

நினைவிற் கொள்க: சுருளும் விலங்கெல்லாம் மரப்பேன் அல்ல. மலைநாட்டுக் காடுகளில் கோலிக்குண்டு போல் சுருளும் பெரிய உருண்டை மரவட்டைகளும் உள்ளன. மரவட்டையின் பெரும்பாலான துண்டங்களில் இரு சோடிக் கால்கள் இருக்கும். மரப்பேனில் ஒரு துண்டத்துக்கு ஒரு சோடியே.

2. மரப்பேன்களின் பல்வகைமை

உலகில் 3,500 இற்கும் மேற்பட்ட மரப்பேன் இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. வாழிடத்துக்கேற்ப அவற்றின் உருவமும் வேறுபடும். உருளும் இனங்களுக்கு வளைந்த தடித்த ஓடு. ஓடும் இனங்களுக்கு நீண்ட கால்கள். கல்லோடு ஒட்டிக்கொள்ளும் இனங்களுக்குத் தட்டையான உடல். எறும்புப் புற்றிலும் ஆழ்மண்ணிலும் வாழும் சில இனங்கள் வெண்ணிறமானவை, கண்ணற்றவை. வெப்பவலயக் கடற்கரைப் பாறைகளில் அலையோடு விளையாடுவது போல் ஓடித்திரியும் இனங்களும் உண்டு.

சில இனங்கள் நாற்றுக்களுடனும் சட்டி மண்ணுடனும் கப்பலேறி உலகெங்கும் பரவின. எனவே தோட்டத்தில் காணும் மரப்பேன் எல்லாம் இந்நாட்டுக்கு உரியது எனக் கொள்ளலாகாது.

3. சூழற்றொகுதியில் இதன் பங்கு

இங்கே பலர் புள்ளி இழக்கின்றனர். மரப்பேன் பிரிகையாக்கி என எழுதக் கூடாது. பிரிகையாக்கிகள் பற்றீரியாவும் பங்கசுமே. மரப்பேன் உக்கும் இலைகளைத் தின்று சிறு துணிக்கைகளாக்குகிறது. அதனால் பற்றீரியாவும் பங்கசும் தாக்கும் மேற்பரப்பு அதிகரித்து, போசணைப் பொருள்கள் விரைவாக மண்ணைச் சேர்கின்றன.

அதேவேளை மரப்பேன் பிறருக்கு உணவுமாகும். இங்கிருந்துதான் முலையூட்டிகளுக்குச் செல்கிறோம்.

4. மலைநாட்டின் அரிய முலையூட்டிகள்

மூஞ்சூறு: இதனை எலி என எழுதுதல் தவறு. எலி கொறிக்கும் விலங்கு. மூஞ்சூறு மண்புழு, பூச்சி, மரப்பேன் போன்ற முள்ளந்தண்டிலிகளை உண்ணும் விலங்கு. மலைநாட்டில் நீண்ட நகமுள்ள இரு மூஞ்சூறுகள் உள்ளன. முன்னங்கால் நகங்களால் ஈர மண்ணைக் கிளறி இரை தேடுபவை இவை. கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளராயிருந்த யோசப் பியர்சனின் பெயர் கொண்ட இனம் 1924 இல் விவரிக்கப்பட்டது. அதன் சாதி முழுவதும் இலங்கைக்கு மாத்திரமே உரியது. மற்றையது, இலங்கையிற் பிறந்த இராணுவ வைத்தியர் கெலார்ட்டின் பெயரால் வழங்கும் இனம். அது தென்னிந்திய மலைகளிலும் உண்டு. ஆகவே முன்னையது உள்நாட்டுக்கேயுரிய இனம். பின்னையது சுதேச இனம். இவ்வேறுபாடு முக்கியமானது.

ஹோட்டன் சமவெளித் தேவாங்கு: குளிருக்கேற்ற அடர்ந்த உரோமமும் குறுகிய கால்களும் கொண்ட உபஇனம். இரவில் மரங்களிற் பூச்சி தேடும். 1939 இன் பின் பல தசாப்தங்களாகக் காணப்படாமையால் அழிந்துவிட்டதெனக் கருதப்பட்டது. 2002 இல் மீண்டும் காணப்பட்டது. அதன் முதற் புகைப்படங்கள் 2010 இல் வெளியாகின.

சிறுத்தை: தோட்டங்களில் இதைப் புலி என்பர். இலங்கையில் புலி இல்லை. இது சிறுத்தையின் இலங்கைக்கேயுரிய உபஇனம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிச் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்கு, பன்றியை மட்டும் பிடிப்பதில்லை.

இம்முலையூட்டிகளைப் பற்றிய பழைய அறிவிற் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்திலிருந்தே வந்தது. 1935 இல் இலங்கை முலையூட்டிகள் பற்றிய கைநூலை எழுதிய பிலிப்ஸ் ஒரு தோட்டத் துரை. தோட்டத்திற் பார்க்கக் கண் இருந்தால் அறிவியலுக்குப் பங்களிக்கலாம் என்பதற்கு இது சான்று.

5. ஆபத்தும் பாதுகாப்பும்

கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைநாட்டுக் காடுகள் வெட்டப்பட்டன. எஞ்சியவை தேயிலைக் கடலிடையே தீவுகளாக நிற்கின்றன. ஒரு காட்டுத்துண்டில் அழியும் மூஞ்சூறுக்குப் பதிலாக அடுத்த துண்டிலிருந்து இன்னொன்று நடந்து வர இயலாது. இடையில் நிழலும் இல்லை, உக்கிய இலையும் இல்லை. ஹோட்டன் சமவெளி 1988 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமையானது. ஆயினும் பூங்காவின் எல்லைக்கு வெளியே ஆற்றோரக் காட்டுப்பட்டியும், எரிக்கப்படாத மானாப்புல் மலையும், மண்ணில் விடப்பட்ட இலைகுழையும் இருந்தால்தான் இவ்வுயிர்கள் நிலைக்கும். மரப்பேனுக்கு இடமில்லாத மண்ணில் மூஞ்சூறுக்கும் உணவில்லை.

செயற்பாடு: தட்டையான பெட்டியின் ஒரு பாதியில் ஈரக் கடதாசியும் மறுபாதியில் உலர்ந்த கடதாசியும் இடுக. நடுவில் 10 மரப்பேன்களை விட்டு மூடி, 10 நிமிடத்தின் பின் இரு பக்கமும் எண்ணிக் குறிக்க. முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விடுக.

மாதிரி வினாக்கள்

1. மரப்பேன் பூச்சியன்று என்பதற்கு இரு காரணங்கள் தருக.
2. உள்நாட்டுக்கேயுரிய இனம், சுதேச இனம் என்பவற்றை மூஞ்சூறுகளை உதாரணமாகக் கொண்டு வேறுபடுத்துக.
3. உக்கும் இலை, ஆந்தை, மரப்பேன், மூஞ்சூறு ஆகியவற்றை உணவுச் சங்கிலியாக ஒழுங்குபடுத்துக.
4. உமது தோட்டத்தில் ஓடையோரக் காட்டுப்பட்டியை வெட்டித் தேயிலை நடத் தீர்மானித்துள்ளனர். மண்ணின் வளம், முலையூட்டிகள் ஆகிய இரண்டையும் கருத்திற் கொண்டு உமது கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.