எதிர்வழக்காடும் உரிமை

இராயபுரத்திற்குத் தெற்கே, துறைமுகத்தின் அருகில் விளங்குவது சென்னை உயர்நீதிமன்றம். 1894 முதல் 1977 வரை அதன் உச்சியில் எரிந்த விளக்கே கப்பல்களுக்கு வழிகாட்டியது. அம்மன்றத்தில் நிகழ்ந்த வழக்கொன்று எண்ணிப் பார்க்கத்தக்கது.

1944-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இலட்சுமிகாந்தன் என்னும் இதழாசிரியர் குத்திக் கொல்லப்பட்டார். புகழ்மிக்க நடிகர்களான தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் குற்றம் சாட்டப்பெற்றனர். 1945-இல் அவர்களுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. எனினும் அவர்தம் வழக்குரைஞர்கள் சோர்ந்திலர். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை முறையிட்டனர். அதன் ஆணைப்படி 1947-இல் உயர்நீதிமன்றம் வழக்கை மீண்டும் ஆராய்ந்தது. எத்திராஜ் வாதாடினார்; இருவரும் விடுதலை பெற்றனர். ஆயினும், சிறையில் கழிந்த இரண்டாண்டுக்கு மேற்பட்ட காலத்தை மீட்டுத் தர வல்லார் யார்?

புகழுடையார்க்கு வழக்குரைஞர் கிடைத்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் ஏழை கைதானால் அவனுக்குத் துணை யாது? நம் அரசியலமைப்பே துணை. கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்தல் வேண்டும் என்றும், தாம் விரும்பும் வழக்குரைஞரைக் கலந்துகொள்ள அவருக்கு உரிமையுண்டு என்றும் அதன் 22-ஆம் பிரிவு கூறுகின்றது. பொருளற்றோர்க்கு இலவசச் சட்ட உதவி அளிக்க 1987-இல் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது.

மாணவர்களே! குற்றம் ஐயமற மெய்ப்பிக்கப்படும் வரை எவரையும் குற்றவாளி என இகழாதீர்கள். இகழப்படுவோர்க்காக வாதாடுவோரே நீதி நெறி தவறாமல் காப்போர் ஆவர்.